நூர்ஸிபாவின் புள்ளிகள்

படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்ற செய்தி வந்த அன்று என் அத்தான் தோலெகென் பை நிறையச் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி ஆணியை நோக்கி எறிந்தார். அது கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சுத்தம்! நுரையீரல் சுத்தமா இருக்கு! ஒரு புள்ளிகூட இல்லையாம்!" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கக் கத்தினார். படியேறிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரருக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார்.

நான் சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட வேண்டிய பாவி அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கஸாக் நாட்டின் செமெய் ஊரில், எங்கள் புற்றுநோய் மையத்தின் மூன்றாவது மாடியில், தைராய்டு கட்டிகளின் மரபணுக்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நரை விழுந்திருக்கிறது. அந்தப் படம் இருட்டாக வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"அத்தான், கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார்றதா? ஆட்டுக்குச் சொல்லி அனுப்பணும் ஷோல்பான். உன் வீட்டுக்காரனுக்கு போன் போடு."

"புள்ளிங்க போகல அத்தான். போன மாசம் சி.டி. ஸ்கேன்ல எங்க பார்த்தோமோ, அங்கேயேதான் இருக்கு. இந்தப் படத்துல அதுங்க தெரியணும்னா அக்கா குடிச்ச அயோடினை அதுங்க எடுத்துக்கணும். எடுத்துக்கல. அதான் தெரியல."

"எடுத்துக்கலைன்னா நல்லதுதானே?"

"இல்ல அத்தான். எடுத்துக்கிட்டாத்தான் கொல்ல முடியும்."

அவர் சாக்லேட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி, என் மூத்த ஓரகத்தி நூர்ஸிபா, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கழுத்திலிருந்த தைராய்டை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாகத் தினமும் விழுங்கும் மாத்திரையை இந்தப் படத்துக்காக நிறுத்தி வைத்திருந்ததில் முகம் ஊதி, குரல் கட்டி, வெந்நீர்க் குழாயோடு ஒட்டி உட்கார்ந்தும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, சாக்லேட்டைக் கொண்டா இங்க," என்றாள். "வாங்கினது வாங்கியாச்சு, அதை எதுக்குத் திருப்பணும்?"

தைராய்டு செல்லைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடம்பில் வேறு எந்தச் செல்லுக்கும் இல்லாத ஒரு பேராசை அதற்கு உண்டு. ரத்தத்தில் போகும் அயோடினை விடாமல் இழுத்துக்கொள்ளும். அதற்கென்றே தன் சுவரில் ஒரு வாசல் கட்டி வைத்திருக்கிறது. புற்றாக மாறினாலும் முதலில் அந்த ஆசை போவதில்லை. நுரையீரலுக்கு ஓடினாலும் சரி, எலும்பில் போய் ஒளிந்தாலும் சரி, அயோடினைக் கண்டால் வாசலைத் திறந்துவிடும். அதை வைத்துத்தான் நாங்கள் அதைப் பிடிக்கிறோம். கதிரியக்கம் ஏற்றிய அயோடினைக் கொடுத்தால், ஆசைப்பட்டு விழுங்கிவிட்டு உள்ளிருந்தே எரிந்து போகும்.

ஆனால் கட்டி நாளாக ஆக இன்னும் கெட்டுப் போகும். ஒரு மரபணு உடைந்த இடத்தில் இரண்டாவது உடையும், மூன்றாவது உடையும். 'வளரு, வளரு' என்று உள்ளே ஓயாமல் போகும் உத்தரவு உரத்துப்போய், வாசலைக் கட்டும் மரபணுவின் வாயை அடைத்துவிடும். பிறகு தான் ஒரு தைராய்டு செல் என்பதையே அது மறந்துவிடுகிறது. அப்படி மறந்துபோன கட்டியைத் தடுத்து நிறுத்தி வைக்க எங்களிடம் மாத்திரை இருக்கிறது. தீர்த்துக்கட்ட ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் எளிமையாகத்தான் அவர்களுக்குச் சொன்னேன். அத்தான் சாக்லேட் தாளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னோடது புத்தி பேதலிச்சுப் போச்சுங்கற," என்றாள் நூர்ஸிபா. "எங்க மாமா கடைசிக் காலத்துல தன் வீட்டு வாசல்லயே நின்னு 'இது யார் வீடு'ன்னு கேட்டாரே, அந்த மாதிரி."

"அப்படித்தான் டாக்டர் நினைக்கிறார் அக்கா."

"நீ என்ன நினைக்கிற?"

"எனக்குத் தெரியல. உங்க கழுத்துக் கட்டி என் ஆய்வுக்கூடத்துலதான் இருக்கு. பார்த்துட்டுச் சொல்றேன்."

"பாரு பாரு. பார்த்துட்டு அதுக்கு ரெண்டு அறையும் கொடு."

இவளுக்காக நான் என்ன செய்தாலும் தகும். எனக்குப் பெண் பிறந்து நாலு மாதத்தில் அல்மாட்டியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "அவ போகட்டும், குழந்தை என் மடியில இருக்கட்டும்" என்று எழுந்து நின்றவள் நூர்ஸிபா. அப்போது அவளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. குழந்தையைக் கவுண்டருக்குள்ளேயே ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தாள். என் மகள் ஜன்சாயா முதன்முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, "அடுத்தவர்!" நான் விடுமுறைக்கு வந்து வாசலில் நின்றபோது என்னைப் பார்த்து அதைத்தான் சொன்னாள். அன்று நான் அழுதேன், நூர்ஸிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இன்று போட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைக் கோட்டு அவள் கொடுத்தது. அவள் மட்டும் அன்று உட்கார்ந்தே இருந்திருந்தால், மரபணுவாவது மண்ணாங்கட்டியாவது.

மறுநாள் அவள் கட்டியை எடுத்து ஆய்வில் வைத்தேன்.

நூர்ஸிபா பொலிகோன் என்ற அணுகுண்டுச் சோதனைத் திடலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அணுகுண்டுகளை மண்ணுக்கு மேலே வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் சின்னக் குழந்தை. மேகத்தோடு வந்த கதிரியக்க அயோடின் புல்லில் விழுந்தது, புல்லை மாடு மேய்ந்தது, மாட்டின் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அந்த வயதுக் கழுத்துகளுக்கு அயோடின் மீது பேராசை. அப்படி வந்த கட்டிகளில் அடிக்கடி நான் பார்க்கிற உடைசல் ஒன்று உண்டு. தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் முறிந்து, தப்பான ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நூர்ஸிபாவின் கட்டியிலும் அதே ஜோடி இருந்தது.

அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். அந்த ஜோடி பிடித்த கட்டி பரவத்தான் செய்யும், ஆனால் பெரும்பாலும் அயோடின் ஆசையை அவ்வளவு சீக்கிரம் விடாது. அதைவிட மோசமான உடைசல்களைத் தேடினேன். கட்டியைச் சாகாவரம் பெற்றதாக ஆக்குகிற ஒன்று உண்டு, அது இருந்தால் கதை முடிந்தது. இரண்டு முறை தேடினேன், இல்லை. கடைசியாக வாசலைக் கட்டச் சொல்லும் செய்தி செல்லுக்குள் ஓடுகிறதா என்று பார்த்தேன். தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து டாக்டர் ஒராஸ்பெக்கின் அறைக்குப் போனேன். கதிரியக்க மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் அவர். பொறுமைசாலி. எனக்கு அந்தப் பொறுமையைக் கண்டாலே ஆகாது.

"டாக்டர், இந்தக் கட்டி எதையும் மறக்கல. வாசல் திறந்துதான் இருக்கு."

அவர் என் தாள்களை நிதானமாகப் பார்த்தார். "கழுத்துல இருந்தது திறந்திருக்கு. சரி. நுரையீரலுக்குப் போனது வழியில மாறியிருக்கலாம் இல்லையா? அது உனக்கே தெரியும் ஷோல்பான்."

தெரியும். அதுதான் எரிச்சல்.

"நுரையீரல்லேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்கலாமே?"

"கடுகு மாதிரிப் புள்ளி. ஊசி போட்டா அவங்க மூச்சு போயிடும். சரி, டயட்டை ஒழுங்கா இருந்தாங்களா?"

படத்துக்கு முன்னால் உடம்பை அயோடினுக்காக ஏங்க வைக்க வேண்டும். கடையில் விற்கும் அயோடின் உப்பு கூடாது, பால் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. வயிறு முழுக்க அயோடினை வைத்துக்கொண்டு வந்தால், நாங்கள் கொடுக்கும் சின்னத் துளியைச் செல்கள் சீண்டாது.

"பால் இல்லாத டீ குடிச்சாங்க டாக்டர்! ஒரு கஸாக் பொம்பளை! வாரக்கணக்கா! அதைவிட என்ன வேணும் உங்களுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பொண்டாட்டிய அப்படி இருக்கச் சொன்னா என்னைத்தான் கொதிக்க வைப்பா. சரி, டயட் சரியா இருந்திருக்கு. அப்போ காரணம் வேற என்ன? எனக்கு ஒரு காரணம் கொடு, நான் முடிவை நிறுத்தி வைக்கறேன். இல்லைன்னா வர்ற வியாழக்கிழமை டாக்டர்கள் குழுவுல வச்சு, கட்டியைத் தடுக்கற மாத்திரைக்கு மாத்திடுவோம். சும்மா காத்திருந்து அது பரவிடுச்சுன்னா நாளைக்கு நீதான் தலையில அடிச்சுக்குவ."

என்னிடம் காரணம் இல்லை. மாடிக்குத் திரும்பி வந்து, ஒரு பாவமும் அறியாத குளிர்பெட்டியின் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூர்ஸிபாவைப் பார்க்கப் போனேன். நிறுத்தி வைத்த தைராய்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருந்தாள், முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. மேஜையில் ரொட்டி, வெண்ணெய், மரியாதையாகப் பால் ஊற்றிய டீ. நடுவில் மூடி திறந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் கரும்பச்சையாய் நூல் நூலாக வெட்டிய கடற்பாசி. கடல் கோஸ் என்றுதான் எங்கள் சந்தையில் பெயர். கொரியக்காரர்களின் சாலட் கடைகளில் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள்.

நூர்ஸிபா அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"பிடிக்காததை ஏன் அக்கா திங்கறீங்க?"

"கிளாரா கொண்டாந்தது. கடை திறக்கப் போற வழியில தினம் ஒரு டப்பா வச்சிட்டுப் போவா. கழுத்துக்கு நல்லதாம். நல்ல மனுஷி, பாவம்."

கிளாரா ஓகாய் கீழ் மாடியில் இருப்பவள், சந்தையில் சாலட் விற்பவள். நான் டீக்கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எப்போலேர்ந்து?"

"ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து."

"டயட்டுல இருந்தீங்களே, அப்பவுமா?"

"அப்பவும்தான். அவளைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

"அக்கா!" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "டாக்டர் உங்களைக் கேட்டாரே, வேற எதுவும் சாப்பிட்டீங்களான்னு! நானும் கேட்டேனே!"

"சாப்பிடலைன்னு சொன்னேன். சாப்பிடலையே!" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குடி கத்தற? தினம் ஒரு தடவை வாய் வச்சேன், அவ்வளவுதான். வாய் வைக்கறது சாப்பாடா? உன் வீட்டுக்கு வந்து ஒரு துணுக்கு ரொட்டியை வாயில வச்சிட்டுப் போறவ, போய் 'ஷோல்பான் வீட்டுல சாப்பிட்டேன்'னு சொல்லுவாளா?"

சொல்ல மாட்டாள். எங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் வைத்த உணவை மறுப்பது பாவம், அதனால் வாய் வைக்கிறோம். வாய் வைத்ததைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. கேட்ட டாக்டரும் கஸாக், கேட்ட நானும் கஸாக். 'வாய் வைத்தீர்களா' என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

உப்பில் ஒளிந்திருப்பதெல்லாம் ஒரு அயோடினா? கடல் கோஸ் என்பது அயோடினிலேயே ஊறி வளர்ந்தது. அதில் ஒரு சிட்டிகை போதும், அவள் பால் இல்லாமல் குடித்த டீ அத்தனையும் வீண். ஊரே பொலிகோனுக்குப் பயந்து அயோடின் அயோடின் என்று கடல் கோஸைத் தின்கிறது. கழுத்து வீங்கினாலும் அதுதான், வீங்காமலிருக்கவும் அதுதான். கிளாராவுக்கு மட்டும் வேறு என்ன தோன்றும்?

இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் படியிறங்கினேன்.

"ஷோல்பான்! அவளை ஒண்ணும் சொல்லிடாதடி! கேக்குதா?" என்று மேலேயிருந்து நூர்ஸிபாவின் கட்டிய குரல் துரத்திக்கொண்டு வந்தது.

சந்தையில் கிளாரா கேரட் சாலட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாவை அவள் முன்னால் தட்டென்று வைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கரண்டி நழுவிவிட்டது.

"என்ன ஆச்சு? நூர்ஸிபாவுக்கு என்ன?"

"கிளாரா அக்கா, இதைத் தினமும் கொடுத்தீங்களா?"

"ஆமா. ஆனா உப்பே போடலையே!" என்றாள் அவசரமாக. "உப்பு கூடாதுன்னு சொன்னா, ஒரு கல்லுகூடப் போடல. சோயாவும் ஊத்தல. விக்கறதுல எடுத்துக் கொடுக்காம அவளுக்குன்னு தனியா, வேற சட்டியில செஞ்சேன். வாயில வைக்க விளங்காது, எனக்கே தெரியும். அவ முகம் சுளிக்காம வாங்கிப்பா. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

திட்டுவதற்கென்று சந்தை வாசலிலிருந்து கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. விடியுமுன் எழுந்து, கை விறைக்கிற குளிரில் தனிச் சட்டியைக் கழுவி, விற்க முடியாத ஒன்றை அண்டை வீட்டுக்காரிக்காகத் தினமும் செய்திருக்கிறாள். கடைக்குள் போய் அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, நடந்ததை மெதுவாகச் சொன்னேன்.

அவள் முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டாள். "நானே அவளை..."

"இல்ல அக்கா. கேளுங்க. படம் இருட்டா வந்ததுக்கு ஒரு காரணம் தேடிச் செத்துக்கிட்டிருந்தேன். காரணம் நீங்களா இருந்தா, புற்று இன்னும் கெட்டுப் போகலைன்னு அர்த்தம். நீங்களா இருக்கணும்னு நான் வேண்டிக்கிறேன். புரியுதா? உங்களைக் கும்பிட்டுக்கிறேன்."

கேரட் வாங்க வந்த பெண்மணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நூர்ஸிபாவின் சிறுநீரில் அயோடின் பார்க்கக் கொடுத்தேன். சோதித்த பெண் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை ஓட்டினாளாம். முடிவைக் கொண்டுபோய் ஒராஸ்பெக்கின் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கடலையே குடிச்சாங்களா?"

"வாய் வச்சாங்க டாக்டர்."

அவர் ஒரு கணம் விழித்துவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டார். "கடவுளே. நான் கேட்கவே இல்லையே."

உடம்பிலிருந்து அது வடிய இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை புற்றுக்கு எந்த மருந்தும் தொடங்காமல் காத்திருக்க வேண்டும். என் கணக்குத் தப்பி, நுரையீரலில் இருப்பது நிஜமாகவே மாறிப்போன கட்டியாக இருந்தால், அந்த இரண்டு மாதத்தை நான் அதற்குத் தானமாகக் கொடுத்தவள் ஆவேன். அத்தானிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கட்டியைத் தடுக்கும் மாத்திரையே போதும் என்றார், அப்புறம் காத்திருப்போம் என்றார், அப்புறம் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றுவிட்டார்.

"உன் கண்ணுக்கு வாசல் தெரிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டாள் நூர்ஸிபா.

"கழுத்துக் கட்டியில தெரிஞ்சுது அக்கா. நுரையீரல் எனக்குத் தெரியாது."

"உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்குப் போதும். நான் காத்திருக்கேன்."

அந்த இரண்டு மாதமும் வீட்டை ஆண்டவள் கிளாரா. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? குதிரைத் தொத்திறைச்சி, பொரித்த பௌர்சாக் ரொட்டி, தயிர், உப்புக் கண்டம் என்று வந்துகொண்டே இருக்கும். எங்களில் யாராலும் அதைத் தடுக்க முடியாது. நான் தடுத்தால் என்னைக் குலத்திலிருந்தே தள்ளி வைத்துவிடுவார்கள். ஆகவே கிளாரா மத்தியானம் கடையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள போங்க, பேசுங்க, அழுங்க. பையை இங்க வைங்க," என்பாள்.

"ஒரு வாய் மட்டும், கிளாரா..."

"ஒரு வாயும் கிடையாது. நான் கொரியாக்காரி, எனக்கு உங்க பாவ புண்ணியம் தெரியாது. பையை வைங்க."

வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவார்கள். கறியெல்லாம் அத்தானின் வயிற்றுக்குப் போய் அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. நூர்ஸிபாவுக்குச் சோறும் அயோடின் இல்லாத கல்லுப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும். கடைசி வாரங்களில் தைராய்டு மாத்திரையையும் திரும்ப நிறுத்தியபோது அவள் பேசுவதே குறைந்துவிட்டது. கிளாரா அவள் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தபடி, சந்தையில் யார் யாரோடு சண்டை என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். நூர்ஸிபா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

படம் எடுக்கும் நாளில் நான் உள்ளே போகவில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை, தைரியமும் இல்லை. மாடியில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். தொலைபேசி அடித்தது.

"கீழ வா," என்றார் ஒராஸ்பெக். குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மனிதரின் பொறுமையை நான் வாழ்நாளில் அவ்வளவு சபித்ததில்லை.

திரையில் நூர்ஸிபாவின் உடம்பு மங்கலாகத் தெரிந்தது. நெஞ்சுக்குள், இரண்டு பக்கமும், பொரி இறைத்ததுபோல் புள்ளிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. வேறு எந்த வீட்டிலும் அந்தப் படத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். நான் ஒராஸ்பெக்கின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவர் வலியில் சிரித்தார். அந்தப் புள்ளிகளுக்கு, ஆமாம், அந்தப் பாழாய்ப்போன புற்றுக்குத்தான், நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். உடைந்து, ஓடி, வேறு உறுப்பில் போய்க் குடியேறி, அவ்வளவு கெட்ட பிறகும் தன் ஆசையை விடாமல் வைத்திருந்ததற்கு நன்றி.

நூர்ஸிபா கட்டிலிலிருந்து எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"இத்தனையா?"

"அத்தனையும் அயோடினை எடுத்துக்கிட்டிருக்கு அக்கா. ஒண்ணு விடாம."

"பாவம்," என்றாள். "ரெண்டு மாசமாப் பட்டினி போட்டோமில்ல."

அந்த வாரமே பெரிய அளவு அயோடின் கொடுத்து, ஈயக் கதவு போட்ட அறையில் அவளைத் தனியாக வைத்தார்கள். அவள் உடம்பே கதிர் வீசும், யாரும் உள்ளே போகக் கூடாது. தொலைபேசியில், "இப்படி நிம்மதியாத் தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா, உங்க அத்தான் குறட்டை இல்ல" என்றாள். ஆறு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் புள்ளிகளில் பாதியைக் காணவில்லை, மீதி சுருங்கிப்போயிருந்தன. இன்னொரு தவணை தேவைப்படலாம் என்றார் ஒராஸ்பெக். வாசல்கள் திறந்திருக்கும்வரை, அவள் உடம்பு தாங்குகிற அளவுக்கு இன்னும் கொடுக்கலாம்.

அத்தான் அப்போதுதான் ஆட்டை அறுத்தார். வீடு நிறைய ஆட்கள். கறியும் டீயும் ஓய்ந்த பிறகு நூர்ஸிபா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பெரிய பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாளைப் பிரித்தாள். பூப்போட்ட துணி, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையாமல், சுருள் சுருளாக இருந்தது. அவ்வளவு துணியை எதற்கு வாங்கி வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வயசானவர்களின் சாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுக்கும் துணி அது.

"அக்கா, இதை எப்போ வாங்கினீங்க?"

"படம் இருட்டா வந்துதே, அதுக்கு மறுநாள். நீ அன்னிக்கு விளக்கமாச் சொன்ன. அவருக்குப் புரியல, எனக்குப் புரிஞ்சுது. உங்களை அலைய விடுவானேன்னு நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சந்தைக்குப் போய், தன் சாவுக்கான துணியைத் தானே தொட்டுப் பார்த்து, நிறம் பார்த்து, பேரம் பேசி வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அவள் இத்தனை நாளும் எங்களோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"ஏன் எல்லாரும் இப்படி மூஞ்சியை வச்சிருக்கீங்க?" என்றாள் நூர்ஸிபா. "கல்யாணம் காட்சிக்கும் இதே துணியைத்தானே கிழிக்கறோம்? நல்ல துணி, வீணாப் போகணுமா?"

பல்லால் ஓரத்தைக் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழித்தாள். முதல் துண்டைக் கிளாராவின் மடியில் போட்டாள். இரண்டாவது துண்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நன்றி அக்கா."

"எதுக்குடி? ஒரு முழத் துணிக்கா?"

"இதை நீங்களே கிழிச்சுக் கொடுக்கறதுக்கு."